முன்னோர் எங்கே? ஆன்ம அழியாமையும் நம்பாதோர் கதியும் பற்றிய கிறித்துவ விவாதம்

முன்னுரை

மலாக்காவில் தூய பவுல் குன்றின்மேல் கூரையிழந்து நிற்கும் பழைய தேவாலயத்துக்குள் கம்பிவலையிட்டு மூடிய வெறுங்குழி ஒன்று உண்டு. சீனக் கரையை ஒட்டிய தீவொன்றில் 1552 டிசம்பரில் உயிர்நீத்த பிரான்சிஸ் சவேரியாரின் உடல், கோவாவுக்குக் கொண்டுசெல்லப்படுமுன் 1553இல் சில மாதங்கள் இக்குன்றிலேதான் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே 1542 முதல் பணியாற்றியவர் என்ற வகையில் தமிழ் வாசகர் அவரை நன்கறிவர். மலாக்காவிலிருந்து 1549 ஜூனில் ஜப்பானுக்குக் கப்பலேறிய அவர், அங்கிருந்து மீண்டபின் 1552 சனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவிலிருந்த தம் சபையினருக்கு நீண்டதொரு மடல் வரைந்தார். அம்மடலின் ஒரு பகுதியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாய் அமைந்தது. யமாகுச்சி நகரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோர், நற்செய்தியைக் கேளாமலே மாண்டுபோன தம் பெற்றோரையும் முன்னோரையும் எண்ணி அழுத செய்தியை அப்பகுதி கூறுகிறது.

கிறித்துவத்தை ஏற்காது இறந்தோரின் இறுதிக் கதி யாது? அவர்கள் முடிவின்றித் துன்புறுவரா, அழிந்தொழிவரா, என்றேனும் ஒருநாள் மீட்கப்படுவரா? இம்மூன்று விடைகளுக்கும் கிறித்துவ வரலாற்றில் ஆதரவாளர் இருந்துள்ளனர். இவ்விவாதத்தை இறையியல் நூல்களின் வழி மட்டும் நோக்குவோர், அதனை மூலநூற் சொற்களுக்குப் பொருள் காணும் பூசலாகவே கருதுவர். நமக்கோ வேறொன்று தோன்றுகிறது. இவ்விவாதம் உயிர்பெற்ற காலங்களிலெல்லாம் அதனைத் தூண்டியவர்களுள் புதிதாய் மதம் மாறியோரும் அவரிடையே வாழ்ந்த பாதிரிமாரும் இருந்தனர். தாத்தா திருநீறணிந்தவர், பேரன் சிலுவையணிந்தவன் என்னும் நிலை நம் நாட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதியதன்று. ஆதலின் இது நம் வாசகருக்கு அயலான பொருளும் அன்று.

இரு மரபுகள், ஒரு சொல்

ஆன்மா இயல்பிலேயே அழியாதது என்னும் கருத்து எபிரேய மறைநூலில் தெளிவாகக் காணப்படுவதன்று. அங்கே இறந்தோர் நல்லோர் தீயோர் என்ற வேறுபாடின்றிக் கீழுலகில் நிழல்போல் இருப்பர். காலத்தாற் பிந்திய தானியேல் நூலில்தான் இறந்தோர் எழுவர், சிலர் வாழ்வுக்கும் சிலர் இகழ்ச்சிக்கும் உரியராவர் என்ற நம்பிக்கை துலங்குகிறது. அதுவும் உடலோடு எழுவதைப் பற்றியதேயன்றி, உடலைத் துறந்த ஆன்மாவின் அழியாமையைப் பற்றியதன்று. ஆன்ம அழியாமை கிரேக்க மெய்யியலின் கொடை. சிறப்பாகப் பிளேட்டோவின் கொடை. இவ்விரு மரபுகளும் கிறித்துவத்துள் கலந்தபோது, பின்னாளில் எழுந்த சிக்கல் முழுவதற்கும் வித்திடப்பட்டது எனலாம். தீயோரின் ஆன்மா அழியவே இயலாதெனின், அது எங்கேனும் என்றென்றும் இருந்தாக வேண்டுமன்றோ?

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்து இறுதி வசனம் தீயோர் அடையும் தண்டனையையும் நல்லோர் அடையும் வாழ்வையும் ஒரே அடைமொழியால் குறிக்கிறது. 'அயோனியோஸ்' என்னும் அக்கிரேக்கச் சொல், 'ஊழி' எனப் பொருள்படும் பெயரினின்று பிறந்தது. ஊழிக்குரியது என்பதா, முடிவற்றது என்பதா அதன் பொருள்? ஆயிரத்தெண்ணூறு ஆண்டுப் பூசல் இந்த ஒரு சொல்லைச் சுற்றி நடந்தது.

கிரேக்க மொழியிலேயே சிந்தித்தோருக்கு இச்சொல் பெரிய தடையாக இருந்ததாகத் தெரியவில்லை. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஒரிகன் (சுமார் 185–254), தண்டனையை நோய் தீர்க்கும் மருந்தாகக் கருதினார். இறுதியில் படைக்கப்பட்ட உயிர்கள் யாவும் இறைவனிடம் மீளும் என எண்ணினார். நான்காம் நூற்றாண்டினரான நீசா நகர்க் கிரகோரியும் அவ்வாறே கருதினார். ஆறாம் நூற்றாண்டில் பேரரசன் யுஸ்தினியன் காலத்தே ஒரிகனின் கருத்துகள் கண்டிக்கப்பட்டன. கிரகோரியோ புனிதராகவே போற்றப்பட்டு வருகிறார். ஒரே கருத்துக்கு ஒருவர் பழி ஏற்கவும் மற்றவர் பீடம் ஏறவும் நேர்ந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. இவர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், வட ஆப்பிரிக்காவின் அர்னோபியஸ் என்பார் ஆன்மா இயல்பில் அழியக்கூடியதே என்றும், தீயோர் முடிவில் இல்லாமற் போவர் என்றும் எழுதினார். அவரைப் பின்பற்றியோர் அன்று மிகச் சிலரே.

மேற்குலகின் போக்கை உறுதிசெய்தவர் அகுஸ்தீனார் (354–430). 'இறைவனின் நகரம்' என்னும் பெருநூலின் 21ஆம் பகுதியில், நரகத்துக்கு முடிவுண்டு என்போரை அவர் 'இரக்கமுடையோர்' எனச் சற்று எள்ளலோடு குறித்து மறுக்கிறார். அவரது வாதம் எளியது. ஒரே வசனத்தில் ஒரே அடைமொழி இருமுறை வருகிறது. தண்டனைக்கு முடிவுண்டு எனின் நல்லோரின் வாழ்வுக்கும் முடிவுண்டு என்றாகும். இலத்தீன் மொழியிலேயே வாழ்ந்து கிரேக்கத்தைத் தயக்கத்தோடு கற்ற ஒருவரது இவ்வாதம் மேற்குத் திருச்சபையை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஆண்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

சிந்து நதிக்கரை மனிதன்

இடைக்காலத்தில் இக்கொள்கை மேலும் இறுகியது. திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்னும் மூன்றாம் நூற்றாண்டுச் சிப்ரியானின் கருத்து, 1442இல் புளோரன்ஸ் பொதுச்சங்க ஆணையில் கடுமையான வடிவம் பெற்றது. புறச்சமயத்தார், யூதர், பிரிந்து சென்றோர் எவராயினும் இறக்குமுன் திருச்சபையோடு இணையாவிடில் அழியா நெருப்புக்குரியர் என அவ்வாணை கூறியது. ஆன்மா அழியாதது என்பதும் 1513இல் ஐந்தாம் இலாத்தரன் சங்கத்தில்தான் முறைப்படி அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்புக்குப் பின்னரும், மெய்யியல் வழி நின்று ஆன்ம அழியாமையை நிறுவ இயலாது என இத்தாலிய அறிஞர் பொம்பொனாட்சி 1516இல் நூலெழுதினார் என்பது வேறு கதை.

எனினும் மனித மனம் வாளாவிருக்கவில்லை. ஃபிரிசிய மன்னன் ராட்போட் (மறைவு 719) பற்றிய பழங்கதை ஒன்றுண்டு. திருமுழுக்குத் தொட்டியில் ஒரு காலை வைத்த அம்மன்னன், தன் முன்னோர் எங்கிருக்கின்றனர் என வினவினானாம். நரகத்தில் என்ற விடை கேட்டுக் காலைப் பின்னிழுத்துக் கொண்டானாம். அடியவர் ஒருவரின் வரலாற்று நூலில் வரும் இச்செய்தியை வரலாற்றாசிரியர் அப்படியே ஏற்பதில்லை. ஆயினும் இக்கதையைப் பாதுகாத்தவர்கள் துறவியரே ஆவர். அவர்களுக்கே அவ்வினா உறுத்தியிருக்க வேண்டும்.

தாந்தேயின் பெருங்காப்பியத்திலும் இவ்வுறுத்தலைக் காண்கிறோம். சொர்க்கத்தைப் பாடும் மூன்றாம் பகுதியின் 19ஆம் காண்டத்தில், சிந்து நதிக்கரையில் பிறந்து, கிறித்துவைப் பற்றி உரைப்பாரும் எழுதுவாரும் இல்லாத சூழலில் பழியின்றி வாழ்ந்து இறந்த ஒருவனைக் கண்டிப்பது எவ்வகை நீதி என்ற ஐயம் எழுப்பப்படுகிறது. ஐரோப்பியக் கவிஞர் தம் நெஞ்சைக் குடைந்த வினாவுக்கு எடுத்துக்காட்டாக ஓர் இந்தியனைத் தெரிந்தெடுத்தமை நமக்கு வியப்பூட்டுகிறது. இறைவனின் நீதியை மனிதக் கண் அளக்கவியலாது என்பதே அங்குத் தரப்படும் விடை. அடுத்த காண்டத்திலேயே, கிறித்துவரல்லாத பழங்கால வீரன் ஒருவனைக் கவிஞர் சொர்க்கத்தில் நிறுத்திவிடுகிறார்!

யமாகுச்சியில் எழுந்த வினா

சவேரியாரின் மடலுக்கு மீள்வோம். யமாகுச்சி மக்கள் திருமுழுக்குப் பெறுவதற்கு முன்னரே வலுவானதொரு தடையை முன்வைத்தனர். இறைவன் முழுமையான நன்மையுடையவன் எனின், ஐரோப்பியர் வந்து சேரும்வரை தன்னை அவன் எங்களுக்கு ஏன் வெளிப்படுத்தவில்லை? அவனை வணங்காதோர் நரகம் செல்வர் எனின், எம் முன்னோர்பால் அவன் இரக்கம் காட்டவில்லை என்றன்றோ ஆகும்? பௌத்தத் துறவியர் நரகில் வீழ்ந்தோரையும் மீட்கும் வழி தமக்குண்டு என்றனர். ஆகவே புதிய சமயம் பழையதினும் இரக்கம் குன்றியதாக மக்களுக்குத் தோன்றியது.

சவேரியார் இதற்குத் தந்த விடை கூர்மையானது. கொலையும் களவும் தீயவை என்பதை ஜப்பானியர் சீன நூல்கள் வருமுன்னரே அறிந்திருந்தனர். யாரும் கற்பிக்காமலே அவ்வறிவை அவர்கள் உள்ளத்தில் எழுதியவர் படைத்தவரே. எனவே இறைவன் அவர்களைக் கைவிட்டார் என்பது பொருந்தாது என்றார். தூய பவுல் உரோமையருக்கு எழுதிய மடலின் இரண்டாம் அதிகாரத்துக் கருத்தோடு இது ஒத்தது. மக்கள் இவ்விடையை ஏற்றுத் திருமுழுக்குப் பெற்றனர் என அவர் எழுதுகிறார்.

ஆனால் அழுகை நிற்கவில்லை. தந்தை, தாய், மனைவி, மக்கள் எனத் தாம் இழந்தோருக்காக அவர்கள் மன்றாடினர். தானத்தாலும் செபத்தாலும் அவர்களை மீட்க இயலாதா, இறைவனே நினைத்தாலும் இயலாதா என வினவினர். இயலாது என்பதே சவேரியாரின் மறுமொழி. தம் அன்புக்குரியோர் தீர்வில்லாத ஒன்றுக்காக அழக் கண்டு தமக்கும் துயருண்டாயிற்று என அவர் மறைக்காமல் எழுதினார். அத்துயரைக் கொள்கையை மறுஆய்வு செய்யும் அறிகுறியாக அவர் கொள்ளவில்லை. முன்னோர் கவலை, உயிரோடிருப்போரை விழிப்படையச் செய்யும் என்பதாகவே அவர் நோக்கு இருந்தது.

இங்கே நாம் ஒன்றைக் கூறியாக வேண்டும். சவேரியார் காலத்திலேயே கத்தோலிக்க இறையியலில் மாற்று வழிகள் திறந்திருந்தன. அமெரிக்கக் கண்டத்தின் மக்கள் திரளைக் கண்டபின், நற்செய்தியைக் கேளாதது அவர்தம் குற்றமன்று என்ற வாதத்தை ஸ்பானிய அறிஞர் ஆய்ந்து கொண்டிருந்தனர். திரெந்து பொதுச்சங்கம் 1547இல், திருமுழுக்கையோ அதற்கான விருப்பத்தையோ மீட்புக்குரிய வழியாகக் கூறியது. ஏட்டிலிருந்த இவ்வழிகள் அழுது நின்றோரை எட்டவில்லை. மேலும், உள்ளத்தில் எழுதப்பட்ட அறம் முன்னோருக்கும் இருந்தது எனின், அவருட் சிலரேனும் அதன்படி வாழ்ந்திருக்கலாமே என்ற வாதத்துக்கும் சவேரியாரின் விடையிலேயே இடமிருந்தது. அவர் அதனை இறைவன்மீது பழி வாராமற் காக்கப் பயன்படுத்தினாரேயன்றி, முன்னோருக்கு வழிதிறக்கப் பயன்படுத்தவில்லை.

நீக்கப்பட்ட ஒரு கட்டளை

சீர்திருத்தச் சபைகள் உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுத்தன. இதனால் இறந்தோர்க்கு எஞ்சியவை சொர்க்கமும் நரகமுமே என்றாயின. கொள்கை முன்னினும் கடுமையுற்றது. நரகத் தண்டனைக்கு முடிவுண்டு எனக் கூறிய அனபாப்டிஸ்துகளை 1530ஆம் ஆண்டின் ஆக்சுபர்க்கு அறிக்கை கண்டித்தது. ஆன்மா உயிர்த்தெழும் நாள்வரை உறங்கும் என்போரை மறுத்துக் கால்வின் தனிநூல் எழுதினார்.

இங்கிலாந்தில் 1553இல் வகுத்த 42 விதிகளுள் இறுதி விதி, எல்லாரும் முடிவில் மீட்கப்படுவர் என்னும் கருத்தைக் கண்டித்தது. நாற்பதாம் விதி, ஆன்மா உடலோடு இறக்கும் அல்லது உறங்கும் என்னும் கருத்தை விலக்கியது. எலிசபெத்து அரசியார் காலத்தில் 1563இல் விதிகள் திருத்தப்பட்டபோது இவ்விரண்டும் நீக்கப்பட்டன. நீக்கியோர் நோக்கம் யாதாயினும், மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் அவ்வெற்றிடம் பெரும்பயன் விளைத்தது.

விக்டோரியா கால இங்கிலாந்து

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்விவாதம் இலண்டனில் வெடித்தது. அரசர் கல்லூரிப் பேராசிரியர் எஃப். டி. மாரிஸ் 1853இல் வெளியிட்ட 'இறையியற் கட்டுரைகள்' நூலின் இறுதிக் கட்டுரையில், அந்தப் பழைய கிரேக்க அடைமொழி கால அளவைக் குறிப்பதே அன்று என வாதிட்டார். நிலைவாழ்வு என்பது இறைவனை அறிதலே என்னும் யோவான் நற்செய்தி வசனம் (17:3) அவரது சான்று. அவ்வறிவை இழத்தலே நிலைச்சாவு. அது எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது கேள்வியே அன்று என்றார். கல்லூரி ஆட்சிக்குழு அவ்வாண்டிலேயே அவரைப் பதவிநீக்கியது. குழுவில் இருந்த கிளாட்ஸ்டன், தேர்ந்த இறையியலாளரைக் கொண்டு முதலில் ஆராயலாம் எனத் திருத்தம் கொணர்ந்து தோற்றார்.

'கட்டுரைகளும் திறனாய்வுகளும்' என்ற தொகுப்பு 1860இல் வெளிவந்தது. அதில் எழுதிய எழுவருள் ஒருவரான எச். பி. வில்சன், சிறியோரும் பெரியோரும் முடிவில் இறைவனிடம் அடைக்கலம் பெறுவர் என்ற நம்பிக்கையோடு தம் கட்டுரையை முடித்திருந்தார். அதற்காக அவர்மேல் வழக்குத் தொடுக்கப்பட்டது. கீழ்மன்றம் அவரை ஓராண்டு பணிநீக்கம் செய்தது. 1864 பிப்ரவரியில் அரசவை மேல்முறையீட்டுக் குழு அத்தீர்ப்பை மாற்றியது. தீயோருக்கும் இறுதியில் மன்னிப்புக் கிட்டலாம் என ஒரு குரு நம்புவதைத் தண்டிக்குமளவுக்குத் திருச்சபை விதிகளில் தெளிவான கூற்று எதுவும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். முன்னர் நீக்கிய 42ஆம் விதி அன்று இருந்திருப்பின் தீர்ப்பு எவ்வாறு அமைந்திருக்கும் என எண்ணிப் பார்க்கலாம். தீர்ப்பை வழங்கிய வெஸ்ட்பரி பிரபு நரகத்தையே செலவுத்தொகையோடு தள்ளுபடி செய்துவிட்டார் என்று வழக்குரைஞர் நகையாடினர்.

குருமார் பலருக்கு இது நகைப்பாகப் படவில்லை. ஆக்சுபோர்டின் எபிரேயப் பேராசிரியர் பியூசி முதலியோர் முன்னின்று தயாரித்த அறிக்கையில் ஏறத்தாழ 11,000 குருமார் கையொப்பமிட்டனர். நல்லோரின் வாழ்வு எவ்வாறு முடிவற்றதோ அவ்வாறே சபிக்கப்பட்டோரின் தண்டனையும் முடிவற்றது என்றது அவ்வறிக்கை. அகுஸ்தீனாரின் வாதம் அப்படியே மீண்டும் ஒலிப்பதை இங்குக் காணலாம்.

பம்பாயில் பிறந்தவரான குரு ஃபாரர் 1877இன் இறுதியில் வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் ஆற்றிய மறையுரைகள், இவ்விவாதத்தை மன்றங்களிலிருந்து மக்களிடம் கொண்டுசென்றன. அவற்றுக்கு மறுப்பாக 1880இல் பியூசி எழுதிய நூலை ஊன்றிப் படிப்போர் ஓர் உண்மையை உணர்வர். முடிவிலாத் தண்டனையை விடாது காக்கும் பியூசி, மாந்தருட் பெரும்பாலோர் நரகம் செல்வர் என்பது திருச்சபையின் நம்பிக்கையன்று என ஒப்புகிறார். நெருப்பு உண்மை நெருப்பாகவே இருக்க வேண்டும் என்பதையும் வற்புறுத்தவில்லை. கோட்டையைக் காத்தவரே அதன் வெளிமதிலை விட்டுக்கொடுத்தார் எனலாம்.

மூன்றாவது விடையும் இக்காலத்தே புத்துயிர் பெற்றது. எட்வர்டு ஒயிட் என்ற சபைக்குரு 1846இல் எழுதி 1875இல் விரித்து வெளியிட்ட 'கிறித்துவில் வாழ்வு', அழியாமை ஆன்மாவின் இயல்பன்று, கிறித்து வழி வரும் கொடை என்றது. அதனைப் பெறாதோர் இறுதியில் இல்லாமற் போவர். அர்னோபியஸ் கூறியதற்கு இது வெகு அண்மையது. முன்பு மாரிஸுக்காகத் திருத்தம் கொணர்ந்த கிளாட்ஸ்டன், 1896இல் தம் முதுமையில் வெளியிட்ட நூலில், ஆன்மா இயல்பிலேயே அழியாதது என்னும் கருத்து மறைநூலினின்று வந்ததன்று, மெய்யியல் வழியே திருச்சபைக்குள் புகுந்தது என எழுதினார்.

நேட்டால் பேராயரும் அமெரிக்கக் கழகமும்

இப்பூசல்கள் நடந்த காலத்தில்தான் புறநாடுகளில் சமயப்பணி முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பெருகியது. சீன உள்நாட்டுப் பணியை 1865இல் நிறுவிய ஹட்சன் டெய்லர், சீனத்தில் திங்கள்தோறும் பத்து இலட்சம் பேர் இறைவனின்றி மடிகின்றனர் எனக் கூறி ஆள் திரட்டினார். நரகம் பணிக்கு உந்துவிசையாயிற்று. ஆனால் பணிக்களத்தில் நின்ற சிலருக்கு அதே எண்ணிக்கை தாங்கவொண்ணாச் சுமையாயிற்று.

அவருள் முதன்மையானவர் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பேராயர் ஜான் வில்லியம் கொலென்சோ (1814–1883). கணித நூலாசிரியராகப் புகழ்பெற்று, மாரிஸின் நண்பராக விளங்கி, 1853இல் பேராயராகத் திருநிலை பெற்றவர். சூலு மக்களிடையே வாழ்ந்து அவர்தம் மொழியில் இலக்கணமும் அகராதியும் செய்தார். முன்னோர் ஆவிகளைப் போற்றும் அம்மக்களிடம், உங்கள் முன்னோர் யாவரும் எரிகின்றனர் என்று சொல்வது யாங்ஙனம்? 1861இல் அவர் உரோமையர் மடலுக்கு ஓர் உரை வெளியிட்டார். அந்நூலின் தலைப்பிலேயே 'சமயப்பணியாளரின் நோக்கில்' என்ற தொடர் இடம்பெற்றது. முடிவிலாத் தண்டனையைத் தாம் இனி உறுதிபடக் கூறவியலாது என அதில் அறிவித்தார். இறைவனின் அருள் கிறித்துவரல்லாதாரையும் ஏற்கெனவே தழுவி நிற்கிறது. பணியாளரின் வேலை அதனை அவர்க்கு உணர்த்துவதே என்பது அவர் கொள்கை. யமாகுச்சியில் சவேரியார் கையாண்ட கருத்துக்கு ஊற்றான அதே உரோமையர் மடலினின்றே கொலென்சோ நேர்மாறான முடிவை எடுத்தார் என்பதே இவ்வரலாற்றில் நம்மைப் பெரிதும் கவர்ந்த செய்தி.

அடுத்து, நோவா காலத்து வெள்ளக் கதை மெய்தானா என வில்லியம் நிகிடி என்னும் சூலு உதவியாளர் மொழிபெயர்ப்பின்போது வினவ, அவ்வினா கொலென்சோவை விவிலியத்தின் முதல் ஐந்நூல்களின் ஆய்வுக்கு இட்டுச்சென்றது. 1863இல் கேப் நகரில் அவர்மேல் சமயமுரண் விசாரணை நடந்தது. பதவி பறிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பேராயர் கிரேக்கு அவ்வதிகாரம் இல்லையென 1865இல் இலண்டன் மேல்முறையீட்டுக் குழு கூறவே, அவர் நேட்டாலிலேயே நிலைத்தார். சூலு மக்கள் அவரை 'சொபன்டு', அதாவது மக்களின் தந்தை, என்றழைத்தனர்.

அமெரிக்காவில் இவ்வினா வேறு வடிவம் கொண்டது. ஆண்டோவர் இறையியற் கல்லூரிப் பேராசிரியர் சிலர், வாழ்நாளில் கிறித்துவைப் பற்றிக் கேளாதோர்க்கு இறந்தபின் ஒரு வாய்ப்புண்டு எனக் கருதினர். பம்பாயில் பிறந்து அகமத்நகரில் பணியாற்றிவந்த இராபர்ட் ஹியூம் விடுப்பில் சென்றிருந்தபோது, 1886இல் அக்கருத்துக்குச் சார்பாகப் பேசினார். அவரை இந்தியாவுக்குத் திருப்பியனுப்ப அமெரிக்கச் சமயப்பணிக் கழகம் தயங்கியது. நீண்ட வாதத்துக்குப் பின்னரே அவர் மீண்டார். வில்லியம் நொய்ஸ் என்ற இளைஞர் இதே காரணத்தால் மறுக்கப்பட்டு, பாஸ்டன் சபையொன்றின் துணையோடு சென்று பணியாற்றினார். கழகம் 1893இல்தான் அவரை ஏற்றுக்கொண்டது. அவர் சென்ற நாடு ஜப்பான்!

இக்கழகம் தமிழருக்குப் புதியதன்று. 1816 முதல் யாழ்ப்பாணத்திலும் 1834 முதல் மதுரையிலும் பணியாற்றிய அமெரிக்க மிஷன் இதுவே. வட்டுக்கோட்டைச் செமினரியை 1823இல் நிறுவியதும் இதுவே. மலாயாவுக்கு எழுத்தராகவும் இரயில்வே ஊழியராகவும் வந்த யாழ்ப்பாணத் தமிழருட் பலர் இக்கழகப் பள்ளிகளின் வழிவந்தோராவர்.

தமிழில் இச்சிக்கல்

தமிழ்ச் சொற்களை நோக்கின் இவ்விவாதம் நம் மொழியில் எங்கே நிற்கிறது என்பது புலனாகும். விவிலியத்தைத் தமிழாக்கியோர் 'நரகம்' என்ற வடசொல்லை எடுத்தாண்டனர். சைவம், பௌத்தம், சமணம் ஆகியவற்றில் நரகம் என்பது வினை நுகர்ந்து கழியும் இடம். கழிந்தபின் பிறவி தொடரும். சில உயிர்களுக்கு முடிவிலா இருளைக் கூறும் மத்துவர் மரபு ஒரு விலக்கு. எனவே தமிழில் நரகம் என்ற சொல் தனித்து நின்று முடிவின்மையைத் தராது. அச்சுமையைச் சுமப்பது அதனோடும் ஆக்கினையோடும் சேர்ந்த 'நித்திய' என்னும் அடைமொழியே. கிரேக்க அடைமொழிக்கு 'ஊழிக்குரிய' என்னும் பொருளும் கொள்ளலாம். 'நித்திய' என்பதற்கு அவ்வாறு கொள்ள வழியில்லை. ஒரிகனும் மாரிஸும் வாதிட்ட இடத்தைத் தமிழ் மொழிபெயர்ப்பு தன்னையறியாமல் அடைத்துவிட்டது என்பது நம் கருத்து.

மற்றொன்றும் உண்டு. சைவ சித்தாந்தத்தில் உயிர் அநாதி, படைக்கப்பட்டதன்று. ஆகவே எட்வர்டு ஒயிட் கூறிய அழிந்தொழிதல் ஒரு சைவருக்குப் பொருளற்றதாகத் தோன்றும். மலபரிபாகம் எய்தி யாவும் என்றேனும் கரையேறும் என்ற ஒரிகனின் சாயலோ பழகிய ஒன்றாகத் தோன்றும். தொடக்கமுள்ள உயிர், எண்பதாண்டு வாழ்வின் வினைக்கு முடிவிலாப் பயன் நுகர்வது என்பதே தமிழ் மரபில் வந்தோர்க்கு ஏற்கக் கடினமான பகுதி.

இருபதாம் நூற்றாண்டும் அதற்குப் பின்னும்

அடுத்த நூற்றாண்டின் செய்திகளை விரைந்து காணலாம். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஆவணத்தின் 16ஆம் பத்தி, தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதோர், நேர்மையான உள்ளத்தோடு இறைவனைத் தேடி, மனச்சான்றின் வழி அறிந்த அவர்தம் விருப்பப்படி நடப்பின் மீட்படையலாம் என்றது. யமாகுச்சியில் சொல்லப்பட்ட அந்த 'உள்ளத்தில் எழுதப்பட்ட அறம்' இங்கே முன்னோருக்குச் சார்பாகத் திரும்பியிருப்பதைக் காண்கிறோம். ஆங்கிலிக்கக் கொள்கை ஆணையம் 1995இல், நரகத்தை முடிவிலாச் சித்திரவதையாகக் கருதாமல் முற்றிலும் இல்லாமையாகக் கருதுவதே தக்கது என்றது. நற்செய்திச் சபையினரிடையே பெருமதிப்புப் பெற்ற ஜான் ஸ்டாட், 1988இல் அழிந்தொழிதற் கொள்கைபால் தமக்குள்ள சார்பைத் தயக்கத்தோடு வெளியிட்டார். அவர்தம் தோழர் பலர் அதனை ஏற்கவில்லை. 2019இல் டேவிட் பென்ட்லி ஹார்ட் என்னும் கீழைத் திருச்சபை அறிஞர் அனைவரும் மீட்படைவர் என்பதை ஐயத்துக்கிடமின்றி வாதிட்டு நூலெழுதியபோது, எழுந்த மறுப்புகளில் அகுஸ்தீனாரின் அடைமொழி வாதம் மீண்டும் இடம்பெற்றது.

திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளைப் பற்றிக் கத்தோலிக்கப் பன்னாட்டு இறையியல் ஆணையம் 2007இல் ஓர் ஆய்வேடு வெளியிட்டது. அக்குழந்தைகள் மீட்கப்படுவர் என நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு, உறுதியான அறிவு இல்லை என்பது அதன் முடிவு. பெயர் தெரியாத முன்னோரைப் பற்றி அதுபோன்ற தனியேடு எதனையும் அவ்வாணையம் வெளியிடவில்லை.